பதநீருக்குத்தான் முதல் நேரம்: பாம்பன் தீவில் அரை நாள் ஜீப் பயணம்

ராமேஸ்வரம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் காலையில் தீர்த்தமாடி, சாமி கும்பிட்டு, வெயில் தாழ்ந்ததும் தனுஷ்கோடிக்கு ஒரு நடை போய்விட்டு, அன்றைக்கு ராத்திரியே ஊர் திரும்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை, வந்த காரியம் அதுதான். ஆனால் பாம்பனுக்கும் கோயிலுக்கும் இடையில் தார் ரோட்டை விட்டுக் கீழே இறங்கினால் பனங்காடும் மணற்பாதையும் மல்லிகை நாற்றுத் தோட்டமுமாக ஒரு தீவு கிடக்கிறது. அதைப் பார்க்க அரை நாள் போதும். நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப் ஒன்றும், அந்த மண்ணில் வண்டி ஓட்டிப் பழகிய ஆளும் வேண்டும். இந்தக் கோடையில் குடும்பத்தோடு அப்படிப் போய்வந்தோம். போக நினைக்கிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

யோசனை என் சித்தி மகனுடையது. அவன் போர்ச்சுகலில் வேலை பார்க்கிறான். அட்லாண்டிக் கடலில் அந்த நாட்டுக்குச் சொந்தமான மதேரா தீவில் திறந்த ஜீப்பில் அரை நாள் சுற்றியிருக்கிறான். கரடுமுரடான மலைப்பாதை, 580 மீட்டர் உயரத்தில் கடலை எட்டிப்பார்க்கும் கபோ ஜிராவ் முனை, சரிவில் படிப்படியாகக் கட்டிய திராட்சைத் தோட்டம், எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக வைன் ருசிபார்ப்பது. செர்சியல், வெர்தெல்யோ, போவால், மால்வசியா என்று இனிப்புக் குறைந்ததில் தொடங்கி இனிப்பு மிகுந்ததில் முடிப்பார்களாம். "அக்கா, நம்ம ஊர்லயும் தீவு இருக்கு, ஜீப் இருக்கு, ருசி பார்க்கப் பதநீர் இருக்கு. இதே மாதிரி ஒரு நாள் போவோமா?" என்று கேட்டான். ராமநாதபுரத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது ஏன் தோன்றவில்லை என்று ஆச்சரியமாக இருந்தது.

அவன் போட்டுவைத்த திட்டமும் மதேரா வரிசைதான். விடியற்காலை தனுஷ்கோடி, அப்புறம் மற்ற இடங்கள், பதினொரு மணிவாக்கில் பனந்தோப்பில் உட்கார்ந்து பதநீர். ஜீப்கார அண்ணனிடம் போனில் சொன்னோம். கேட்ட மாத்திரத்தில் மறுத்துவிட்டார். "தம்பி, பதனி பதினொரு மணி வரைக்கும் உங்களுக்காக உட்கார்ந்திருக்காது. ஏழு மணிக்கு மரத்தடியில நிக்கணும். தனுஷ்கோடி எங்கயும் ஓடிப்போயிடாது" என்றார்.

அன்றைய பயணம் நன்றாக அமைந்ததற்கு இந்த ஒரு பேச்சுதான் காரணம் என்பேன். மதேரா வைன் சூட்டுக்குப் பழகியது. அந்தக் காலத்தில் கப்பலில் ஏற்றிய பீப்பாய்கள் வெப்பக்கடலைத் தாண்டிப் போய்வந்ததில் சரக்கு கெடாமல் ருசி கூடியதைப் பார்த்துத்தான், பிறகு வேண்டுமென்றே சூடுகாட்டிப் பக்குவப்படுத்த ஆரம்பித்தார்கள். அது பல பத்தாண்டுகள் கெடாது. அதனால் பயணத்தின் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். பதநீருக்குச் சூடுதான் எமன். இரவெல்லாம் சொட்டி நிறைந்த கலயத்தை விடியலில் இறக்கினால், புளிக்காமலிருக்க உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தாலும் வெயில் ஏற ஏற அதன் குணம் மாறிவிடும். ராமேஸ்வரத்தில் மத்தியானம் ரோட்டோரத்தில் வாங்கிக் குடித்துவிட்டு "இதுதானா பதநீர்?" என்று முகம் சுளிக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பதநீர் மேல் தப்பில்லை, நேரம்தான் தப்பு. ஆகவே பதநீரை முதலில் வையுங்கள், மற்றதையெல்லாம் அதற்கேற்ப அடுக்குங்கள்.

பாம்பனில் இருட்டு பிரிவதற்குள் கிளம்பிவிட்டோம். முதலில் குந்துகால். சிகாகோ போய்த் திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று கரையிறங்கிய இடம், நினைவு மண்டபம் இருக்கிறது. எதிரே குருசடைத் தீவு. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் அது ஒன்று. வெளிச்சம் வரும் வரை நின்றுவிட்டு நகர்ந்தோம். பாம்பனின் இரண்டு ரயில் பாலங்களும், 1914இல் திறந்த பழையதும் 2025இல் திறந்த புதியதும், நாங்கள் போனபோது ரோட்டுப் பாலத்திலிருந்தே நன்றாகத் தெரிந்தன. அவற்றுக்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம்.

தங்கச்சிமடம் பக்கம் மணற்பாதையில் இறங்குவதற்கு முன்னால் ஓட்டுநர் அண்ணன் வண்டியை நிறுத்தி, நாலு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டார். கையால் அழுத்திப் பார்த்தார், மறுபடி கொஞ்சம் பிடுங்கினார். என் மகனுக்கு ஒரே குழப்பம், காற்று குறைந்தால் பஞ்சர் மாதிரிதானே? டயர் தளர்ந்தால் மணலில் அகலமாகப் பரந்து உட்காரும், பாரம் ஒரே இடத்தில் அழுத்தாது, சக்கரம் புதையாது என்று பொறுமையாக விளக்கினார். 2017இல் தனுஷ்கோடிக்குத் தார் ரோடு வருவதற்கு முன் அவர் வேலையே அதுதான். அலை வந்துபோகும் ஈர மணலில் ஆட்களை ஏற்றிக்கொண்டு அரிச்சல்முனை வரை ஓட்டியிருக்கிறார். ரோடு வந்த பிறகு அந்தப் பிழைப்பு போய்விட்டது. கையில் இருந்த வித்தை மட்டும் போகவில்லை.

அந்த வித்தையைக் கொஞ்ச நேரத்திலேயே பார்க்கும்படி ஆனது. சவுக்குத் தோப்பைத் தாண்டி ஒரு திருப்பத்தில் பின்சக்கரம் மணலில் இறங்கிவிட்டது. நானாக இருந்தால் ஆக்சிலேட்டரை மிதித்திருப்பேன். அவர் உடனே காலை எடுத்துவிட்டார். மிதித்தால் சக்கரம் தனக்குத்தானே குழி தோண்டிக்கொள்ளுமாம். எல்லோரையும் இறங்கச் சொல்லி, சக்கரத்துக்கு முன்னால் இருந்த மணலைக் கையாலேயே வழித்தார். பக்கத்தில் விழுந்து கிடந்த காவோலைகளை எடுத்து, கருக்குள்ள மட்டையை அரிவாளால் வெட்டித் தூரப் போட்டுவிட்டு, ஓலையை மட்டும் விசிறி விசிறியாகச் சக்கரத்தின் அடியில் செருகினார். நாலு சக்கர இழுவையில் மெதுவாக விட்டார். ஓலை நொறுங்கும் சத்தம் கேட்டது, வண்டி ஏறிவிட்டது. யாரும் தள்ளவே இல்லை. சொந்த வண்டியில் இந்தப் பக்கம் வர ஆசைப்படுகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். சாதாரணக் காரைக் கொண்டுவந்து மணலில் இறக்காதீர்கள். இன்னொன்று, இந்தப் பாதைகளில் பல தனியார் பட்டா நிலத்தின் வழியாகப் போகின்றன. தோப்புக்காரர்களைத் தெரிந்த ஓட்டுநர் என்றால் கும்பிடு போட்டுவிட்டுப் போகலாம், தெரியாத ஆள் என்றால் வாய்த்தகராறுதான் மிஞ்சும்.

ஜீப்பின் பின்பக்கம் எதிரெதிராகப் பெஞ்சு. குலுக்கல் முழுக்க அங்கேதான். அம்மாவுக்கு மூட்டுவலி என்பதால் முன் சீட்டில் உட்காரவைத்தோம். வயதானவர்கள், இடுப்புவலிக்காரர்கள், வண்டியில் வாந்தி வருகிறவர்கள் எல்லோருக்கும் முன் சீட்டுதான் சரி. கர்ப்பிணிகளுக்கு இந்தப் பயணமே வேண்டாம்.

ஏழு மணிக்குச் சற்று முன்பே பனந்தோப்புக்குப் போய்ச் சேர்ந்தோம். பனையேறும் ஐயா மூன்றாவதோ நாலாவதோ மரத்தில் இருந்தார். இடுப்பில் பாளை அரிவாள் பெட்டி, காலில் நார்த் தளை. மேலே போனதும் நிரம்பிய கலயத்தை அவிழ்த்து, பாளையின், அதாவது பனம்பூக் குருத்தின், நுனியை மெல்லிசாக, நகம் கனத்துக்கு ஒரு சீவு சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய வேறு கலயத்தை மாட்டிவிட்டு இறங்கினார். இறங்கி வந்தவருக்கு மூச்சு வாங்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்குத்தான் வாங்கியது. அறுபது வயதுக்குக் குறையாது. காலையும் மாலையும் இதே ஏற்றம். ஒரு நாள் சீவாமல் விட்டால் பாளை அடைத்துக்கொள்ளும் என்பதால் பருவம் முடியும் வரை நல்லது கெட்டதுக்குக்கூட வெளியூர் போக முடியாது என்றார்.

இனி ருசிக்கு வருகிறேன். கலயத்தில் இருந்ததைப் பன்னாடையில் வடிகட்டினார். எறும்பு, பூச்சி, பாளைத் தூசி எல்லாம் பன்னாடையில் தங்கிவிட்டன. பச்சை ஓலையை மடித்துப் பட்டை பிடித்து ஊற்றிக் கொடுத்தார். பட்டையில்தான் குடிக்க வேண்டும், டம்ளர் கொண்டுபோகாதீர்கள். பச்சை ஓலையின் வாசனை சேர்ந்தால்தான் பதநீர் முழுமையாகிறது. முதல் வாயில் குளிர்ந்த இனிப்பு, அதற்குப் பின்னாலேயே நாக்கின் ஓரத்தில் சுண்ணாம்பின் மெல்லிய கடுகடுப்பு, விழுங்கிய பிறகு தொண்டையில் லேசான பனங்கிழங்கு மணம். அடுத்த மரத்துக் கலயத்திலிருந்து ஒரு பட்டை. அது இன்னும் தெளிவாக, இனிப்புத் தூக்கலாக இருந்தது. மரத்துக்கு மரம் மாறும், அதே மரத்தில் நாளுக்கு நாளும் மாறும் என்றார் ஐயா. சுண்ணாம்பு குறைந்தால் புளிப்புத் தட்டும், கூடினால் தொண்டையைப் பிடிக்கும். அந்த அளவு அவர் விரலுக்குத்தான் தெரியும். மூன்றாவது பட்டையில் நுங்கைப் பிதுக்கிப் போட்டுக் கொடுத்தார்கள். நாலாவதில் மாங்காயைப் பொடியாக நறுக்கிப் போட்டார்கள். சித்தி மகன் அதைக் குடித்துவிட்டு வெகுநேரம் பேசவே இல்லை.

இப்படி ருசி பார்ப்பதற்கு ஒரு ஒழுங்கு உண்டென்று அன்றைக்குத்தான் புரிந்தது. முதலில் எதுவும் கலக்காத பதநீர், வேறு வேறு மரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக. பிறகு நுங்கு, மாங்காய். அதற்கப்புறம் விடிலிக்கு, அதாவது பதநீர் காய்ச்சும் குடிசைக்குப் போய், அங்கே காய்ச்சுகிற பதநீர். கருப்பட்டியை முதலிலேயே கடித்துவிட்டால் நாக்கு மரத்துப்போகும், பதநீரின் மென்மை பிடிபடாது.

விடிலியில் ஐயாவின் வீட்டம்மா அடுப்பெரித்துக்கொண்டிருந்தார். காய்ந்த ஓலையும் மட்டையும்தான் விறகு. பதநீர் நுரைத்துப் பொங்கி வரும்போது நசுக்கிய ஆமணக்கு முத்து ஒன்றை உள்ளே போட்டார், பொங்கியது அப்படியே அடங்கியது. பல மணி நேரம் காய்ந்து பாணியாகி, இறுகும் பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றுவார்கள். எங்களுக்குப் பாணியில் ஒரு விரல் கிடைத்தது. காலையில் குடித்த அதே இனிப்பு, புகை மணமும் லேசான உப்பும் சேர்ந்து, ஆழமாகிவிட்டிருந்தது. கருப்பட்டி அங்கேயே வாங்குங்கள். உடைத்த இடம் மங்கலாக, கருஞ்சிவப்பாக இருக்க வேண்டும். சீனிக் கற்கள் மாதிரி மினுமினுத்தால் சர்க்கரை கலந்தது. விலை பேசாதீர்கள். அத்தனை கலயம் இறக்கி, அத்தனை நேரம் அடுப்பில் வெந்துதான் அந்தச் சிரட்டை நிறைகிறது.

சில எச்சரிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். பதநீரில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் சர்க்கரை. "இயற்கையானதுதானே" என்று சர்க்கரை வியாதிக்காரர்கள் பட்டை பட்டையாகக் குடிக்கக் கூடாது. அம்மா இரண்டு வாயோடு நிறுத்திக்கொண்டார். வெறும் வயிற்றில் நிறையக் குடித்தால் வயிறு இளகும். முன்னதாக இட்லி ஏதாவது சாப்பிட்டிருப்பது நல்லது, ஏனென்றால் அடுத்து ஜீப்பில் குலுங்கப் போகிறீர்கள். பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகிற ஆசையை விட்டுவிடுங்கள். மூடிவைத்தால் நுரைத்துப் பொங்கும், அது அப்போது பதநீரே இல்லை.

மிக முக்கியமானது, கள் கேட்காதீர்கள். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறங்கினால் அது கள், தமிழ்நாட்டில் 1987 முதல் அதற்குத் தடை. தடை வேண்டுமா வேண்டாமா என்பது வேறு விவாதம், எனக்கும் அதில் கருத்துண்டு. ஆனால் வெளியூரிலிருந்து வந்து கண்ணடித்துக் கேட்டுவிட்டுப் போகிறவருக்கு ஒன்றும் ஆகாது. போலீஸ் வந்தால் வழக்கு பனையேறியின் மேல்தான். "ஜீப்புல வர்றவங்க அதைத்தான் முதல்ல கேக்குறாங்க" என்று ஐயா சொன்னபோது குரலில் இருந்த சலிப்பைக் கேட்டிருந்தால் யாருக்கும் மறுபடி கேட்க மனம் வராது.

தோப்பிலிருந்து வெளியேறும் வழியில் மல்லிகை நாற்றுத் தோட்டங்கள். மதுரைப் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் மல்லிகை நாற்று இந்தத் தங்கச்சிமடம் மண்ணிலிருந்துதான் போகிறது. கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்க, நாற்றுக்கு ஏது நல்ல தண்ணீர்? பெய்கிற மழை மணலில் இறங்கி, கனம் குறைவு என்பதால் அடியில் உள்ள உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. மேலாகத் தோண்டினால் இனிப்புத் தண்ணீர், பேராசைப்பட்டு ஆழமாகப் போனால் உப்பு. பக்கத்திலேயே வில்லூண்டி தீர்த்தம். கடலுக்குள்ளேயே கிணறு, சுற்றிலும் உப்பு அலை, இறைத்தால் குடிக்கிற தண்ணீர். பதநீர் குடித்த வாயோடு அதையும் ஒரு கை குடித்துப் பார்த்தோம். ருசிபார்க்கும் பயணம் என்றால் இந்தத் தீவில் தண்ணீரையும் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும். கோயிலுக்குள் 22 தீர்த்தங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ருசி என்று பெரியவர்கள் சொல்வதைத் தள்ளிவிட முடியாது.

தார் ரோடு ஏறியதும் டயருக்குக் காற்றடித்துவிட்டுத் தனுஷ்கோடி. இங்கே ஜீப் ரோட்டை விட்டு இறங்கவே இல்லை, இறங்கவும் கூடாது. பங்குனி, சித்திரை வரை கடலாமைகள் இந்த மணலில் முட்டையிட்டுப் போகும், வனத்துறை அவற்றை எடுத்துக் குஞ்சு பொரிக்கவைக்கிறது. கண்ணுக்குத் தெரியாத முட்டைக்குழி மேல் சக்கரம் ஏறினால் என்ன ஆகும்? பூநாரைகள் வந்து இறங்கும் நீர்ப்பரப்பையும் 2025இல் சரணாலயமாக அறிவித்துவிட்டார்கள். "மணல்ல விட்டு ஒரு ரவுண்டு அடிப்போம்" என்று ஆசை காட்டுகிற ஓட்டுநர் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். எங்கள் அண்ணன் அந்த மணலில் எத்தனையோ வருடம் ஓட்டியவர், அவரே இப்போது ஓட்டுவதில்லை. நாங்கள் போனபோது பூநாரைகள் பெரும்பாலும் கிளம்பிவிட்டிருந்தன. அவற்றுக்காகவே வருகிறவர்கள் தை, மாசியில் வாருங்கள். ஆனால் பதநீர் அப்போது சரியாக இறங்க ஆரம்பித்திருக்காது.

இடிந்த தேவாலயத்தின் சுவரைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். செங்கல் அல்ல, பவளப்பாறை. ஒரு கல்லில் மூளை மடிப்பு மாதிரி வளைவு வளைவாக ஓடுகிற கோடுகள், இன்னொன்றில் தேன்கூடு போலச் சின்னச் சின்னக் குழிகள். உயிரோடு கடலடியில் வளர்ந்தவை வெட்டியெடுக்கப்பட்டு, ஊருக்குச் சுவராகி, 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் மறுபடி கடலைச் சந்தித்திருக்கின்றன. அன்றைக்குப் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்த பாசஞ்சர் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு அலையில் போனது. இந்த இடத்தில் செல்பிக்காகச் சுவரின் மேல் ஏறி நிற்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. கீழே கிடக்கிற பவளத் துண்டையும் எடுக்காதீர்கள், பவளம் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது.

குடிசைகளின் பக்கம் ஓர் ஆத்தா மணலில் தோண்டிய ஊற்றிலிருந்து சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். அம்மா கேட்டதும் ஒரு சிரட்டை கொடுத்தார். அந்தப் பக்கம் மன்னார் வளைகுடா, இந்தப் பக்கம் பாக் விரிகுடா, நடுவில் முழங்கால் ஆழத்தில் இந்தத் தண்ணீர். அம்மா மெதுவாக முழுவதையும் குடித்தார். அவர்கள் குடிநீருக்கு வேறு வழியில்லாதவர்கள், ஆகவே ஊற்றில் காலை விடாதீர்கள், பாட்டிலை முக்காதீர்கள்.

அரிச்சல்முனையில் கடலில் இறங்க வேண்டாம். தெற்கே ஆண்கடல் என்கிற மன்னார் வளைகுடா இழுக்கும், வடக்கே பெண்கடல் என்கிற பாக் விரிகுடா சாதுவாகத் தெரியும், சேருகிற இடத்தில் இரண்டையும் நம்ப முடியாது. பத்தரை மணிக்கு மேல் அங்கே நிழல் என்று எதுவும் கிடையாது. திரும்பும் வழியில் கோதண்டராமர் கோயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்கு ராமேஸ்வரம் வந்துவிட்டோம். மீன் சாப்பாடு எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு ஒரு தகவல்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும். நாட்டுப்படகு மீன்தான் கிடைக்கும், அளவு குறைவு, ருசி குறைவில்லை.

போவதற்குப் பங்குனி பாதியிலிருந்து வைகாசி வரை நல்ல காலம். அதற்குப் பிறகும் பதநீர் உண்டு, ஆனால் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று எழும்பிவிட்டால் திறந்த ஜீப்பில் மணல் முகத்தில் ஊசியாகக் குத்தும். பருத்தி உடுப்பு, தொப்பி, கெட்டியான அடி உள்ள செருப்பு அவசியம். சீமைக் கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும். பனந்தோப்பில் ஜிபே எடுக்காது, சில்லறை நோட்டுகள் வைத்துக்கொள்ளுங்கள். வாடகையை ஏறுவதற்கு முன்பே பேசி முடித்து, பனையேறிக்குக் கொடுப்பது அதில் சேர்ந்ததா தனியா என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் தனியாக, அவர் கையிலேயே கொடுத்தோம். முந்தின நாள் மாலையே ஓட்டுநரிடம் சொல்லி, மறுநாள் எத்தனை பேர் என்று தோப்புக்குத் தகவல் அனுப்பச் சொல்லுங்கள். சொல்லாமல் போனால் கலயத்தில் உள்ளது நேராக அடுப்புக்குப் போயிருக்கும்.